பட்டினி கிடந்த பண்டாரி

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று நம்மிடம் வருகிறவர்களில், நிறையச் சாப்பிடுகிறவர் என்று ஒருவரைக்கூட என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை. வருகிற அத்தனை பேரும் ஒன்றுமே சாப்பிடாதவர்கள். ஒருவருக்குப் பரம்பரை உடம்பு. இன்னொருவருக்கு எலும்பே கனம். எர்ணாகுளத்தில் வக்கீலாக இருக்கும் ஒரு அம்மாவுக்கு, வைட்டிலா சந்திப்பில் தினமும் பேருந்து நின்றுவிடுவதால் இடுப்பு பெருத்துவிட்டது. நின்ற பேருந்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டேன். சும்மாதான் உட்கார்ந்திருப்பாராம். கையில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, இருக்கும் என்பதை வேறொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இவர்களுக்குச் சாப்பாடு. நின்றுகொண்டு தின்றது, நடந்துகொண்டே கொறித்தது, வீணாகிவிடுமே என்று வாயில் போட்டுக்கொண்டது எதுவும் அதில் சேராது. உணவியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எந்த உணவில் எத்தனை கலோரி என்பது என்னைவிட உங்கள் போனுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு வந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் பெயர் காதர். நான் காதர் இக்கா, அதாவது காதர் அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன்.

அதற்கு முன்னால், தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து, "தூக்கம் ரொம்பக் கூடிப்போச்சு" என்றால், மதியம் படுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லிவிடாதீர்கள். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. நம் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் ஒரு வாரம் முழுக்க எல்லோரையும் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர்களும் எழுந்தார்கள். எழுந்து, சாயாவோடு ஒரு உள்ளிவடை கூடுதலாகத் தின்றார்கள்.

காதர் இக்காவும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

"டாக்டரம்மா, தூக்கம் கூடிப்போச்சு. முட்டு ரெண்டும் ஒரே வேதனை. எலும்பு டாக்டர் சொன்னாரு, முதல்ல தூக்கம் குறைச்சிட்டு வா, ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு பின்னே நோக்கலாம்னு."

"நான் டாக்டர் இல்லை இக்கா."

"செரி டாக்டரம்மா."

இதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை செரி டாக்டரம்மாதான்.

கல்யாண வீடுகளில் பிரியாணி போடும் பண்டாரி அவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், அடுப்படியில் இரண்டும் கலந்த வசவு. ஆயிரம் பேர் கல்யாணம் என்றாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, செம்பு என்கிற பிரியாணி அண்டாவின் பக்கத்திலேயே நிற்பார். அடுப்படியில் பண்டாரி உட்காரக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்த உடம்பை அந்த முழங்கால்கள் எத்தனை வருடம் தாங்கும்? கூட வந்திருந்த அவர் மனைவி சுபைதா, மருந்துச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சர்க்கரைக்கு மாத்திரை எழுதியிருந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

"இவரு வீட்டுல ஒண்ணும் தின்னறதில்லே சேச்சி," என்றார் சுபைதா. "அதுதான் எனக்குப் பயம். காத்து அடிச்ச பலூன் மாதிரி வீங்குறாரு."

"வேலை செய்யற இடத்துல?"

"அங்கேயும் ஒண்ணும் இல்லே," என்றார் இக்கா. "உப்பு நோக்குவேன். அவ்வளவுதான்."

அன்று அவருக்குப் பெரிதாக எதுவும் நான் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள், அதன்பின் காலைவரை எதுவும் வேண்டாம், காலையில் மாத்திரை போட்டால் கட்டாயம் சாப்பிடுங்கள், சாயாவில் சீனியை விடுங்கள். யாராவது உபவாசம், விரதம் என்று ஆசை காட்டினால் மாத்திரை எழுதிய டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது என்றும் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் கொச்சிக்காரர்களை மிஞ்ச முடியாது.

அடுத்த முறை வந்தபோது எடை அப்படியே இருந்தது. சுபைதா சத்தியம் செய்தார், வீட்டில் மாலைக்கு மேல் அடுப்பே எரிவதில்லை என்று. அப்போதுதான் இக்காவுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நாளைக்கு எங்கே கல்யாணம்? அங்கே எதையெல்லாம் உப்புப் பார்க்கிறீர்களோ, வாயில் எவ்வளவு போடுகிறீர்களோ, அதே அளவு இன்னொரு கை எடுத்து ஒரு பாத்திரத்தில் போடுங்கள். அதை என்னிடம் கொண்டுவாருங்கள்.

பெரிய அடுக்கு டிபன் கேரியரோடு வந்தார். திறந்து மேசையில் பரப்பினார். முதல் அடுக்கில் நெய்ச்சோறு. இரண்டாவதில் இறைச்சி, துண்டு துண்டாக, எல்லாம் நல்ல துண்டாகவே. மூன்றாவதில் பொரித்த வெங்காயமும் முந்திரியும் கிஸ்மிஸும். அதற்கும் கீழே பாயசம். மூடியில் இரண்டு பப்படம்.

"பப்படத்துல என்ன உப்புப் பார்க்கிறது இக்கா?"

"மொறுமொறுப்பு நோக்கணும்ல்லா?"

சொல்லிவிட்டு அவரே கேரியரைக் குனிந்து பார்த்தார். அதுவரை அதை வேலையாகத்தான் பார்த்திருந்தார். சாப்பாடாக அன்றுதான் முதல்முறை பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. கேரியரை மூடும்போது அவர் கை மெதுவாகத்தான் நகர்ந்தது. நீங்களும் இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். ஒருவர் தன் தட்டைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் பேசினால், அவர் தட்டை விட்டுவிட்டு நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பிறகு கல்யாண சீசன் வந்தது. இக்கா வரவில்லை. பண்டாரிகள் அந்த மாதங்களில் யாரிடமும் வரமாட்டார்கள் என்பதால் நானும் தேடவில்லை. அவருடைய வைராக்கியம் எங்கே போய் நின்றது என்பது எனக்கு எங்கள் மருத்துவமனை நர்ஸ் ஒருத்தியின் கல்யாணத்தில்தான் தெரிந்தது.

தோப்பும்படிப் பக்கம் ஒரு மண்டபம். மதிய விருந்து. சமையல் காதர் இக்கா என்று பெண் முன்னமே சொல்லியிருந்தாள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று பின்பக்கம் போனேன். அடுப்படியில் செம்புகள் மூடி, வாய்க்கு மாவு பூசி, மேலே தணல் போட்டு, தம்மில் இருந்தன. அந்த நேரத்தில் பண்டாரியின் ஆட்கள் கொஞ்சம் ஓய்ந்து பீடியோ சாயாவோ குடிப்பார்கள். அன்று அவர்கள் எல்லோரும் ஒரு மூலையில் கூடி நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் செல்வம் ஓடிவந்தார். சங்கரன்கோவில்காரர். இக்காவிடம் பல வருடமாக இருப்பவர், தலை நரைத்தவர், இக்காவுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். கேரியரைத் தூக்கிக்கொண்டு இக்காவோடு வந்த நாளிலிருந்து என்னைத் தெரியும்.

"அம்மா, நல்லவேளை வந்தீங்க. பாய்க்கு என்னமோ ஆயிருச்சு."

"என்ன ஆச்சு?"

"என்னையப் பாத்து, செல்வம், வெங்காயம் நல்லா வறுத்திருக்கேன்னு சொன்னாரு."

"அதனால என்ன?"

"இத்தன வருசத்துல அப்படி ஒரு வார்த்தை அவரு வாயில வந்ததில்லம்மா. அதோட விடல. நீ தங்கமான ஆளுன்னு தோள்ல கைய போட்டாரு. பசங்கல்லாம் பயந்துட்டாங்க."

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் ஒரு நொடி வந்தது. ஆனால் பாடத்தில் நாம் படித்த ஒரு வரி அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டது: ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் குணம் மாறும். சாதுவானவர் சண்டை போடுவார் என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருப்போம். சண்டைக்காரர் சாதுவானாலும் அதே செய்திதான்.

"காலையில என்ன சாப்பிட்டார்?"

"எங்க சாப்பிடுறாரு? இப்பல்லாம் மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் பச்சத்தண்ணிதான். முந்தின நாள் பொழுது சாய நிறுத்துனா அதோட சரி. சார்ஜாவுல இருக்கிற மருமகன் வீடியோ அனுப்புனானாம், பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தா உடம்பு கரையும்னு. உப்புகூடப் பாத்துட்டுத் துப்பிடுறாரு."

"மாத்திரை?"

"அது மட்டும் கரெக்டா போட்டுருவாரு."

இக்கா செம்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தெப்பலாக நனைந்திருந்தார். அடுப்படியில் எல்லோருமே வியர்த்துக் கிடப்பார்கள், அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் கையைப் பிடித்தேன். மற்றவர்கள் கை சுட்டது. அவர் கை சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் மக். அதுதான் துப்புவதற்கு. அவருக்கு ஓரடி தள்ளித் தணல்.

"இக்கா, இப்படி வந்து உட்காருங்க."

"டாக்டரம்மாவா? நல்ல மனுஷி," என்று சொல்லிச் சிரித்தார். "இவங்க எல்லாரும் நல்ல மனுஷங்க."

செல்வம் என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா என்பது போல.

இரண்டு பேராகப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம். உட்கார்ந்துவிட்டார் என்பதே அவருடைய ஆட்களுக்கு இன்னொரு அதிர்ச்சி. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தலையில் தண்ணீர் ஊற்றலாம் என்றார் ஒருவர். சூடு ஏறியிருக்கிறது, மோர் கொடுக்கலாம் என்றார் ஒருவர். தம்மை உடைத்து முதல் கை பிரியாணியை வாயில் வைத்தால் தானாகச் சரியாகிவிடும் என்றார் மூன்றாமவர். பிரியாணி நல்ல யோசனைதான், ஆனால் நெய்யும் இறைச்சியும் வயிற்றில் இறங்கி வேலை செய்ய நேரமாகும். இப்போது வேண்டியது சீனி. அதுவும் தண்ணீராக.

ஆளை அனுப்பி முன்பக்கத்திலிருந்து வெல்கம் ட்ரிங்க் கொண்டுவரச் சொன்னேன். திராட்சை ஜூஸ், சீனி கொட்டிச் செய்தது, அதன் அளவு இக்காவுடையதே. இன்னொருவரைக் கூட்டத்துக்குள் அனுப்பி, யாரிடமாவது சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் கேட்டு வாங்கிவரச் சொன்னேன். கல்யாணப்பெண்ணே நர்ஸ் என்பதால் பட்டுப்புடவையில் பாதிப் பேர் நர்ஸுகள்தான், அவர்களையும் கூப்பிடச் சொன்னேன். மெஷின் வரும்வரை காத்திருக்கவில்லை. சந்தேகம் வந்தால் முதலில் சீனி, பிறகுதான் எண். இதை மட்டும் மறக்காதீர்கள். வீணாகச் சீனி கொடுத்துவிட்டோமோ என்ற வருத்தத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம்.

டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். இக்கா வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

"குடிங்க இக்கா."

"பன்னிரண்டு ஆகலை."

"பரவாயில்லை, நான் சொல்றேன்."

"நீங்கதான் சொன்னீங்க சீனி வேண்டாம்னு. நான் சொன்னா சொன்னபடி நிக்கிற ஆள்."

புத்தி கலங்கிப் போயிருந்தது. ஆனால் அந்தக் கலக்கத்திலும் இரண்டு விஷயம் அசையாமல் நின்றன. ஒன்று பன்னிரண்டு மணி. இன்னொன்று நான் சொன்ன சீனி. செல்வம் அவர் தாடையைப் பிடிக்கப் போனார். நான் தடுத்தேன். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகலாம். அவர் பேசிக்கொண்டிருந்தார், விழுங்க முடிந்தது. அந்த நிலை இன்னும் எத்தனை நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மயங்கிவிட்டால் ஒரு சொட்டுகூட வாயில் கொடுக்கக்கூடாது, அப்புறம் ஊசிதான், அதற்கு மருத்துவமனை போக வேண்டும், மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன.

பயம் காட்டலாம். கெஞ்சலாம். இரண்டுக்கும் அசைகிற ஆளில்லை. அப்போது டம்ளரை நானே மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டுச் சொன்னேன்:

"செல்வம், முன்னாடி மாப்பிள்ளை வீட்டுல ஜூஸைப் பத்தி ஏதோ சொல்றாங்களே. மதுரம் போராதாமே?"

செல்வம் நல்ல சமையல்காரர். நடிப்பு வராது. திருதிருவென்று விழித்தார். ஆனால் இக்காவின் தலை நிமிர்ந்தது.

"யாரு சொன்னது?"

"மாப்பிள்ளையோட மாமா போல இருக்கு."

"கொண்டா இங்க."

டம்ளரைத் தானே வாங்கினார். கை நடுங்கிக் கொஞ்சம் சட்டையில் சிந்தியது. ஒரு வாய் வைத்தார். கன்னத்துக்குள் உருட்டினார். அவர் மக்கை எடுத்து அதில் துப்பினார்.

"மதுரம் செரியான பாகம்தான். அவனுக்கு நாக்கு இல்லே."

இந்த இடத்தில் நான் மனசுக்குள் சார்ஜா மருமகனை என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

"வாய்ல இனிப்பு இருக்காம் இக்கா. முழுங்கினா தொண்டையில கசக்குதாம். துப்பிட்டா எப்படித் தெரியும்?"

அவர் யோசித்தார். அந்த யோசனை ஒரு யுகம் நடந்தது. தன் கை பட்ட ஒன்று தொண்டையில் கசக்கிறது என்று ஊர் சொல்வது ஒரு பக்கம், பன்னிரண்டு மணி இன்னொரு பக்கம். பிறகு டம்ளரைச் சாய்த்து ஒரு மடக்கு விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு தொண்டையைக் கவனித்தார்.

"கசப்பு இல்லே."

"அடியில கசக்குதோ என்னமோ."

முழு டம்ளரையும் குடித்தார். இல்லவே இல்லை என்றார். வேறு பாத்திரத்தில் கலந்ததாக இருக்கும் என்று இரண்டாவது டம்ளரை நீட்டினேன். அதையும் குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் மாமாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். பாவம், அப்படி ஒரு மாமா இருந்தாரா என்பதே எனக்குத் தெரியாது.

அதற்குள் மெஷின்கள் வந்தன. ஒன்று கேட்டேன், மூன்று வந்தது. கொச்சியில் ஒரு கல்யாணக் கூட்டத்தில் சர்க்கரை மெஷின் கேட்டால் கைப்பையிலிருந்தும் காரிலிருந்தும் எடுத்து நீட்ட ஆட்கள் இருப்பார்கள், அது நம் தொழிலுக்கு நல்ல காலமா கெட்ட காலமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மல்லிகைப்பூவும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு நர்ஸ் குனிந்து விரலில் குத்தினாள். ஜூஸ் உள்ளே போன பிறகும் அந்த எண்ணைப் பார்த்து அவள் என் முகத்தைப் பார்த்தாள். எண்ணை நான் சொல்லமாட்டேன். அன்று நீங்கள் அதைப் பார்த்திருந்தால் இக்காவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லியிருப்பீர்கள்.

செல்வம் ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தார். இக்காவின் வியர்வை அடங்கியது. கண் ஒரு இடத்தில் நின்றது. கையைப் பார்த்தார், மக்கைப் பார்த்தார், செல்வத்தைப் பார்த்தார்.

"நீ இங்க எனக்கு விசிறிட்டு நின்னா அடுப்பு யாரு நோக்கும்? உன் வாப்பா வந்து நோக்குமா?"

செல்வத்தின் முகம் மலர்ந்ததைப் போல் ஒரு மலர்ச்சியை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. "பாய் சரியாயிட்டாரு," என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. இக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெங்காயத்தைப் பற்றித் தான் சொன்னதை அவர் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்புவதில்லை.

நெருக்கடி இத்துடன் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அந்த மாத்திரையின் வேலை நாள் முழுக்க நீளும். ஜூஸ் ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். இக்காவை மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அவரோ தம் உடைக்காமல் ஓரடி நகரமாட்டேன் என்றார். ஆயிரம் பேர் சாப்பாடு, தன் பெயர், தன் செம்பு. நர்ஸுகள் உடனே தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். முறைப்படி அவர்கள் சொன்னதுதான் சரி. ஆனால் இழுத்துக்கொண்டு போனால் அந்த மனிதர் பாதி வழியில் காரைத் திறந்து இறங்கிவிடுவார், அல்லது ஏங்கியே ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்வார். தம் உடைக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"இக்கா, ஒரு ஏற்பாடு," என்றேன். "நீங்க இந்த நாற்காலியில உட்கார்ந்து, நான் கொடுக்கிறதைத் தட்டுல வச்சு முழுசா சாப்பிடணும். செல்வம் தம் உடைக்கட்டும். நீங்க பார்க்கலாம், திட்டலாம், எழுந்திருக்கக்கூடாது. முடிஞ்சதும் கார். சம்மதம்னா சொல்லுங்க, இல்லேன்னா இப்பவே தூக்கச் சொல்றேன்."

"பண்டாரி உட்கார்ந்துட்டா தம் உடைக்கிறது?"

"இன்னைக்கு அப்படித்தான்."

பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் இறைச்சிக்கறியும் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அடுப்படியில் அவர் தட்டு வைத்துச் சாப்பிட்டது அன்றுதான் முதல்முறை என்று பிறகு செல்வம் சொன்னார். ஒரு நர்ஸ் நாடியைப் பிடித்தபடி பட்டுப்புடவையோடு குந்தியிருந்தாள். பின்வாசலில் கார் தயாராக நின்றது. விரலில் மறுபடி குத்திப் பார்த்தோம், எண் ஏறியிருந்தது. செல்வம் தணலைத் தள்ளி, மாவைப் பெயர்த்து, மூடியைத் தூக்கினார். ஆவி எழும்பி அடுப்படி முழுக்க மணம் பரவியது. யாரும் செம்பைப் பார்க்கவில்லை, இக்காவைத்தான் பார்த்தார்கள்.

அவர் மூக்கை உயர்த்தி முகர்ந்தார். வாயிலிருந்த பத்திரியை மென்று முடித்தார்.

"பக்கத்துல இருந்து எடு. நடுவுல குத்தாதே. சோறு உடைஞ்சா உன் கை ஒடியும்," என்று சொல்லிவிட்டு, தானே எழுந்து காருக்கு நடந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் அவரை மாலைவரை படுக்க வைத்தார். அடிக்கடி விரலில் குத்தியதில் இக்காவுக்கு அலுப்பு வந்துவிட்டது. டாக்டர் கேட்டார், "ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு முன்னாடி என்கிட்ட வந்து மாத்திரையை மாத்திட்டுப் போறீங்க. இதுக்கு மட்டும் ஏன் வரலை?"

"அது நோன்பு டாக்டரே. இது டயட்டுல்லா?"

டாக்டரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதில் ஒரு நியாயம் இருந்தது. நோன்பு என்பது படைத்தவனுக்கு. அதற்கு நேரம் உண்டு, முறை உண்டு, டாக்டரைக் கேட்க வேண்டும். இது போனில் வந்த மருமகன் வீடியோ. இதற்குப் போய் யார் டாக்டரைத் தொந்தரவு செய்வார்கள்? வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று டாக்டர் விளக்கினார். ஆகவே நீங்கள் யாரிடமும், விரதம் இருக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். இல்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன வாயில் போனது, எத்தனை மணிக்குப் போனது என்று கேளுங்கள். ஒரு விதியைச் சொல்லும்போது, அதை எப்போது உடைக்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். நாம் சொன்னதைக் கேட்காதவர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்படுவோம். சொன்னபடி நிற்கிற ஆட்களிடம் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

தகவல் கேட்டு ஓடிவந்திருந்த சுபைதா, டாக்டர் போன பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "இவ்வளவு அவசரம் எதுக்கு? யாரு உங்களைத் துரத்துது?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். இக்கா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

"பள்ளியில நான் நாற்காலியில இருந்துதான் தொழுவேன், டாக்டரம்மா. முட்டு மடங்காது. என் கூட்டுக்காரங்க எல்லாரும் தரையில. அவங்க சுஜூது போகும்போது நான் மட்டும் மேல இருந்து அவங்க முதுகை நோக்கிட்டு இருப்பேன். நெத்தி தரையில பட்டு வருஷம் ஆச்சு. இந்த நோன்புக்கு முன்னாடி ஒரு தடவை பட்டா போதும்னு நினைச்சேன்."

சுபைதா அழுகையை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்று என்னிடம் வந்தவர் அவர். வலி உண்மைதான். ஆனால் அவரை ஓட வைத்தது அந்த வலி இல்லை.

அந்த நோன்புக்கு முன் முடியவில்லை. முடியாது என்று அவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். மாத்திரையை டாக்டர் மாற்றினார். பதினாறு மணி நேரத்துக்குப் பெரிய கும்பிடு போட்டோம். இருட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாடு, காலையில் புட்டும் கடலையும் அளவாக, கல்யாண வேலையில் உப்புப் பார்க்க ஒரு சின்னக் கரண்டி, வெந்த பிறகு ஒருமுறை, தம்முக்கு முன் ஒருமுறை. பப்படம் மொறுமொறுவென்று இருக்கிறதா என்பதைக் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்று அவரே கண்டுபிடித்தார். உடைத்துச் சத்தம் கேட்டுவிட்டுச் செல்வத்திடம் கொடுத்துவிடுவார். செல்வம் அதற்கப்புறம் கொஞ்சம் பூசினாற்போல் ஆனது வேறு கதை. முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண்ணிடம் வாரம் தவறாமல் போனார். அவளையும் திட்டினார் என்று கேள்வி.

எடை இறங்கியது. ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். வேட்டி கட்டுகிறவர்களுக்கு இது ஒரு கஷ்டம், எந்த இடுப்புக்கும் வேட்டி சரியாகத்தான் இருக்கும். நிறுக்கும் மெஷினில் முள் அசையாத மாதங்களில் அவர் மெஷினைப் பழுதென்பார். வேறு மெஷினில் ஏற்றினால் அதையும் பழுதென்பார். அதே சாப்பாட்டைச் சமைத்துச் சாப்பிட்ட சுபைதா எந்த முயற்சியும் இல்லாமல் அவரைவிட வேகமாக இளைத்தார். அதை இக்காவால் மன்னிக்கவே முடியவில்லை.

இன்னொரு நோன்பு வந்து போயிற்று. அதற்கும் அப்பால், நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஓபி முடிந்து நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் இக்கா உள்ளே வந்தார். முறை எதுவும் இல்லாத நாள். வெள்ளைச் சட்டை, தொப்பி, ஜும்மா தொழுகை முடிந்து நேரே வந்திருக்கிறார். வழக்கமாக உள்ளே வரும்போதே சொல்லும் குறை எதையும் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தன் நெற்றியை விரலால் சுட்டிக் காட்டினார்.

நெற்றியின் நடுவில் சிவப்பாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். எங்கேயோ இடித்துக்கொண்டார் என்று பதறி எழுந்தேன்.

"என்ன இக்கா, விழுந்துட்டீங்களா?"

"இல்லே டாக்டரம்மா," என்றார். "பாய்."

அப்போதுதான் பார்த்தேன். பள்ளிவாசல் கோரைப்பாயின் பின்னல் அப்படியே நெற்றியில் பதிந்திருந்தது. நெற்றியை எவ்வளவு அழுத்தி வைத்திருந்தால், எவ்வளவு நேரம் எடுக்காமல் இருந்திருந்தால், மருத்துவமனைவரை நடந்து வந்த பிறகும் அந்தத் தடம் அழியாமல் இருக்கும்?

நிறுக்கும் மெஷின் அவர் பக்கத்தில்தான் இருந்தது. நான் ஏறச் சொல்லவில்லை.